மஞ்சள் காருக்கு மூன்று மூடி பெற்றோல்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்த மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி நேரலையை நான் வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து முழுவதும் பார்த்தேன். நாலு கமரா, ஒரு ட்ரோன், மேசைக்கு முன்னால் மூன்று பேர். நான் வேலை செய்த காலத்தில் இவ்வளவு சாமான் ஒரு மாவட்டத்துக்கே இருக்கவில்லை. படம் நன்றாக இருந்தது. கீழே ஓடிய கருத்துகள் அதைவிட நன்றாக இருந்தன. "கமராக்காரன் நித்திரையோ" என்று ஒருவர். "மாட்டைக் காட்டச் சொன்னால் மேடையில இருக்கிற ஆக்களைக் காட்டுறாங்கள்" என்று இன்னொருவர். குளிருக்குள் எழும்பியிருந்து பார்க்கிறேன், தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று கனடாவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

அடுத்த நாள் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஐயா, ஒரு ஆள் எங்கட ஒவ்வொரு நேரலைக்கும் வந்து 'கடைசியா வாறவனைக் காட்டுங்கோ' எண்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். பேரைப் பாத்தால் பொம்பிளைப் பிள்ளை. எழுதிற விதத்தைப் பாத்தால் கிழவன். சரியான கரைச்சல். ஆளை ப்ளொக் பண்ணப் போறம்" என்றார். இரண்டு நாள் பொறுங்கோ, நான் ஒன்று எழுதி அனுப்புறன், வாசித்துப்போட்டுச் செய்யுங்கோ என்று சொன்னேன். இதுதான் அது.

கருத்துப் பெட்டியைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். உங்களுக்குக் கருத்துச் சொல்பவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எனக்குச் சொன்னவர்கள் என் பிடரிக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில், சாக்கில் குந்தியிருந்தவர்கள். அதுவும் நுழைவுச்சீட்டாக மண்ணெண்ணெய் தந்துவிட்டு இருந்தவர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். எனக்கு இருபத்தேழு வயது. என்னிடம் ஒரு தொலைக்காட்சி, ஒரு வீடியோ டெக், ஒரு சின்ன ஜெனறேற்றர் இருந்தன. மூன்றையும் வைக்கோல் மெத்தை போட்டு மாட்டுவண்டியில் ஏற்றி, பரந்தன், கண்டாவளை, தருமபுரம் என்று போய்ப் படம் காட்டுவேன். வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் உள்ளே வர விடுவதில்லை. மண்ணெண்ணெய் கொஞ்சமாக வரும், வந்தவுடன் முடியும். ஆகவே வீட்டுக்கு ஒரு சின்னப் பாணி மருந்துப் போத்தல் நிறைய மண்ணெண்ணெய் என்பதுதான் என்னுடைய கட்டணம். அதை நேரே ஜெனறேற்றருக்குள் ஊற்றிவிடுவேன். பார்வையாளர்கள் தந்ததைப் பார்வையாளர்களுக்கே எரித்துக் காட்டும் தொழில்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெயில் எழும்பாது. முதலில் காபரேற்றருக்குள் ஒரு மூடி, இரண்டு மூடி பெற்றோல் ஊற்றி இழுத்து, அது சூடாகிப் பிடித்த பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கதைதான். அந்த ஒரு மூடிப் பெற்றோல்தான் அன்றைக்கு ஊருக்குள் இருந்த தங்கம். என்னுடையதை ஒரு சின்னப் போத்தலில் அடைத்து, துணியில் சுற்றி, தோள்பையின் அடியில் வைத்திருப்பேன். கட்டிய மனைவிக்கும் அது இருக்கும் இடம் தெரியாது.

ஒருநாள் கண்டாவளையில் ஒரு வீட்டுக்கு ஜேர்மனியில் இருந்து மகன் அனுப்பிய கலியாண வீடியோ வந்தது. அதோடு இன்னொரு கசற். "நேரம் போகாட்டில் பாருங்கோ" என்று துண்டு எழுதி ஒட்டியிருந்தான். போட்டுப் பார்த்தால் கார்ப் பந்தயம். தொலைக்காட்சியில் போனதை அப்படியே பதிந்திருந்தான். நான் முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். முழுவதையும் பார்த்து ஒத்திகை செய்ய எண்ணெய் இல்லை. இதுதான் என் முதல் பிழை.

பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வெறும் நெற்களஞ்சியத்துக்குள் காட்சி. யன்னல்களுக்குப் படங்கு கட்டி இருட்டாக்கினோம். ஜெனறேற்றரைப் பின்கதவுக்கு வெளியே வைத்தேன். பேச்செல்லாம் ஜேர்மன் பாஷையில் இருந்ததால் சத்தத்தை அரைவாசிக்குக் குறைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நானே விளக்கம் சொல்லத் தொடங்கினேன். கார்ப் பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதில் கார் ஓடும் என்பது மட்டும்தான்.

முன்வரிசையில் இரண்டு பேர். ஒருவர் சின்னத்துரை அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த வயல்காரர், சவாரி மாடு வளர்ப்பவர். அவருடைய மாட்டுச் சோடிக்கு ஊரில் இருந்த மரியாதை எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. மற்றவர் கருப்பையா அண்ணன். மலையகத்தில் இருந்து குடும்பத்தோடு இறங்கி வந்து, மரத்துக்குக் கீழே கராஜ் போட்டவர். அந்தப் பக்கத்தில் எந்த மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடினாலும் அது அவருடைய கைவேலை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வருவார்கள், ஒன்றாகத்தான் இருப்பார்கள், எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள்.

சின்னத்துரை அண்ணையின் கருத்து இரண்டாம் சுற்றிலேயே வந்துவிட்டது. "தம்பி, உவங்கள் வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறாங்கள். அதுக்கு ஏன் உவ்வளவு அவசரம்?"

"பந்தயம் அப்பிடித்தான் அண்ணை."

"சவாரி எண்டால் ஒரு நேர் ஓட்டம். ரெண்டு நிமிசத்தில ஆர் வெண்டது எண்டு தெரிஞ்சிடும். சரி, சுத்தட்டும். ஆனால் உவன் ரீவிக்காரன் மேலால, கீழால எல்லாம் காட்டுறான், சில்லைக் காட்டுறானில்லை. ஓடுற சாமானுக்குக் காலை எல்லோ பாக்க வேணும். சில்லைக் காட்டச் சொல்லு."

"நான் ஆரிட்டச் சொல்லுறது அண்ணை?"

"நீதானே படம் காட்டுறாய்" என்றார்.

ஒரு கார் ஓடி வந்து ஓரமாக நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் பாய்ந்தார்கள். இரண்டு பேர் ஒரு தடித்த குழாயைத் தூக்கி வந்து காரின் விலாவில் செருகினார்கள். பெற்றோல். குழாயைக் கழற்றும்போது ஓரத்தில் கொஞ்சம் சிந்தியது. அறுபது பேர் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றார்கள்.

"தம்பி, அத திருப்பிப் போடுங்க" என்றார் கருப்பையா அண்ணன்.

போட்டேன். இன்னொரு தரம் என்றார். அதையும் போட்டேன். "நம்ம ஊருக்கு இது ஒரு வருசத்துக்குப் போதும்" என்று மெதுவாகச் சொன்னார். "ஏழு செக்கன்தான் காட்டுறான் பாத்தீங்களா? இவ்வளவு நேரம் சும்மா ஓடுறத காட்டுறான். காட்ட வேண்டியத காட்ட மாட்டேங்கிறான்." தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த கருத்துகளில் அதற்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் விழுந்தது.

மூன்றாவது ஆள் கமலாக்கா. தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். கேத்திலோடு வாசலில் நின்று கொண்டே பார்ப்பார். "பெடியள் எல்லாரும் தலையை மூடிக்கொண்டெல்லோ ஓடுறாங்கள். ஒரு முகத்தையும் பாக்கேலாது. ஆருக்கு எண்டு ஆசைப்படுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் நான் குழியில் விழுந்தேன்.

திரையில் அப்போது ஒரு மஞ்சள் கார் முன்னால் போனது. பின்னால் ஒரு சிவப்புக் கார் முட்டுகிற மாதிரி வந்தது. ஓரத்தில் நின்ற ஒருவர் நீலக் கொடி ஒன்றை ஆட்டினார். "மஞ்சள்காரன்தான் முதலாவது" என்று அறிவித்தேன். "பாருங்கோ, மரியாதைக்குக் கொடி காட்டுறாங்கள். மஞ்சளுக்கு ஆசைப்படுங்கோ அக்கா." இவ்வளவும் நான் என் மண்டைக்குள் இருந்து எடுத்தது.

அடுத்த வளைவில் சிவப்பு முந்திவிட்டது. கூட்டம் சோர்ந்தது. கொஞ்ச நேரம் சிவப்பையே காட்டினார்கள். பிறகு பார்த்தால் சிவப்புக்கு முன்னால் மறுபடியும் மஞ்சள். களஞ்சியம் அதிர்ந்தது. எப்போது முந்தினான், எப்படி முந்தினான் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் முன்னுக்கு நிற்கிறான். திரும்பச் சிவப்பு முந்தியது. திரும்பக் கொஞ்ச நேரத்தால் மஞ்சள் முன்னால் வந்தது. மூன்றாம் தரமும் அப்படி நடந்தபோது கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிவப்பு முந்திறதை மட்டும் காட்டுறான். எங்கட ஆள் முந்திறதை ஒருக்கால்கூடக் காட்டேல்லை" என்றார் பின்னால் இருந்து ஒருவர்.

"சிவப்புக்காரன் ரீவிக்காரனுக்குச் சொந்தமாக்கும்" என்றார் இன்னொருவர்.

நானும் சேர்ந்து கொண்டேன். பக்கச்சார்பான ஒளிபரப்பு என்றேன். பெரிய நாடுகளே இப்படித்தான் என்றும் சொன்னேன். கூட்டம் தலையாட்டும்போது வாய்க்குப் பூட்டு இருக்காது, தம்பிமாரே. மைக் பிடிக்கிற எல்லாருக்கும் அந்த நோய் வரும்.

சின்னத்துரை அண்ணை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மஞ்சளின்ர ஓட்டத்தில இழுவை இல்லை. சிவப்புத்தான் வெல்லும்" என்றார். மாட்டின் நடையைப் பார்த்துப் பழகிய கண்.

கருப்பையா அண்ணனுக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னாங்க பேசுறீங்க? மூணு தடவ விட்டுப் புடிச்சிட்டான். பெற்றோலுக்கு நின்னதும் கம்மி. இவன்தான் ஓட்டக்காரன்." சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து முன்னால் வைத்தார். அடியில் நாலு மூடி அளவு பெற்றோல். "மஞ்சள் தோத்தா இது உங்களுக்கு."

சின்னத்துரை அண்ணை, "மஞ்சள் வெண்டால் என்ர மாட்டுச் சோடியின்ர வெண்கலச் சலங்கை ரெண்டும் உனக்கு" என்றார்.

கருப்பையா அண்ணனின் மூத்த மகள் பூமணிக்கு அந்தக் கிழமை பிள்ளைப்பேறு. வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவருடைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. அதை எழுப்பத்தான் அந்த நாலு மூடி. ஊர் முழுவதற்கும் அது தெரியும். இருந்தாலும் மஞ்சள் முன்னால்தானே போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

அப்போதுதான் கமலாக்கா தேத்தண்ணி தருகிற சாட்டில் என் பக்கத்தில் வந்தார். காதுக்குள் மெதுவாகச் சொன்னார். "தம்பி, உந்த மஞ்சள் முன்னுக்கு இல்லை. அவன் எல்லாருக்கும் கடைசி."

"என்ன அக்கா சொல்லுறியள்? கண்ணுக்கு முன்னால போறானே."

"நான் வற்றாப்பளை அம்மன் கோயில்ல நேர்த்திக்கு நூற்றெட்டுச் சுத்துச் சுத்தினனான். ஏலாத மனுசியள் மெள்ள மெள்ளச் சுத்துங்கள். நான் நாப்பதாவது சுத்தில போகேக்க, முப்பதாவது சுத்தில நிக்கிற மனுசி எனக்கு முன்னாலதான் போவா. அதுக்காக அவா என்னை வெண்டவாவே? மஞ்சள் முந்தேல்லையடா. சிவப்பு ஒரு சுத்து வந்து அவனைத் திரும்பப் பிடிக்குது. மூலையில எழுதியிருக்கிற இலக்கத்தைப் பார். அது சுத்துக் கணக்கு."

பார்த்தேன். எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. நீலக் கொடி மரியாதைக்கு இல்லை, வழி விடு என்பதற்கு. ஒளிபரப்பு ஒரு பிழையும் விடவில்லை. முதலாவது காரைத்தான் காட்டிக்கொண்டு இருந்தது. அது முந்திப் போகிற பாவப்பட்ட கார்தான் இடைக்கிடை படத்துக்குள் வந்து போனது. ஜேர்மன் அறிவிப்பாளர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார். சத்தத்தைக் குறைத்தவன் நான்.

மூலையில் இருந்த இலக்கத்தின்படி ஏழோ எட்டோ சுற்றுத்தான் மிச்சம். எனக்கு இரண்டு வழி. ஒன்று, படத்தை நிறுத்தி, நான் சொன்னது முழுப் பிழை, பந்தயத்தை விடுங்கோ என்று சொல்வது. சொன்னால் அந்தப் பக்கத்தில் இனி என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், தந்த மண்ணெண்ணெயையும் திருப்பிக் கேட்பார்கள். இரண்டாவது வழியை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

"எண்ணெய் காணுமோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று சொல்லிப் பின்கதவால் வெளியே போனேன். ஜெனறேற்றரின் எண்ணெய்க் குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைப் பூட்டினேன். உடனே நிற்காது, குழாய்க்குள் இருக்கிற எண்ணெயில் ஒரு நிமிடம் ஓடும். அந்த நிமிடத்துக்குள் உள்ளே வந்து, ஒன்றும் அறியாதவன் மாதிரி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டு வளைவு தாண்டியதும் ஜெனறேற்றர் இருமியது, திரை கறுத்தது.

"எண்ணெய் முடிஞ்சுது" என்றேன். "என்னட்டை எழுப்பப் பெற்றோலும் இல்லை. இண்டைக்கு இவ்வளவுதான்."

என் கணக்குச் சுத்தமாக இருந்தது. முடிவு தெரியாவிட்டால் பந்தயம் இல்லை. பந்தயம் இல்லாவிட்டால் போத்தல் அவருடைய பைக்குத் திரும்பிவிடும். ஆனால் நான் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தன் அரிக்கன் லாம்பைக் கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஓடினார்கள். அன்றிரவு இருட்டில் இருக்கத் தயாராகி, லாம்புக்குள் இருந்த எண்ணெயை எனக்குத் தர வரிசையில் நின்றார்கள். மஞ்சள் கார் வெல்வதைப் பார்க்க.

கருப்பையா அண்ணன் எழும்பினார். "பெற்றோலுக்கு நான் இருக்கேன்" என்று போத்தலை எடுத்துக்கொண்டு ஜெனறேற்றரிடம் போனார். பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்வது? என்னுடைய பெற்றோல் என் தோள்பைக்குள், என் விலாவில் இடித்துக்கொண்டு இருந்தது. இல்லை என்று சொன்ன வாயால் எப்படி எடுப்பது?

அவர் குந்தியிருந்து தாங்கியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அரைவாசி எண்ணெய் அப்படியே கிடந்தது. பிறகு குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

லாம்புகளோடு ஆட்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கருப்பையா அண்ணன் திரும்பி அவர்களுக்குச் சொன்னார், "ஒரு லாம்பு எண்ணெ போதும். மத்தவங்க வீட்டுக்குக் கொண்டு போங்க." சொல்லிக்கொண்டே பெருவிரலால் திருகைத் திறந்துவிட்டார். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிறகு முதல் மூடியை ஊற்றி இழுத்தார். பிடிக்கவில்லை. இரண்டாவது மூடி. பிடித்து, உறுமி, நின்றது. மூன்றாவது மூடியையும் ஊற்றினார். ஜெனறேற்றர் எழும்பிவிட்டது. நான் யாருக்காகக் காப்பாற்ற நினைத்தேனோ அவரே அதை என் பொய்க்காக எரித்துவிட்டார். அழுகை வந்தது, கூட்டம் தள்ளிக்கொண்டு உள்ளே போனதால் நானும் போனேன்.

மிச்சச் சுற்றுகளுக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிவப்புக் கார் கோட்டைத் தாண்டியது. சாரதி கையைத் தூக்கினான். கட்டம் போட்ட கொடி ஆடியது. மஞ்சளைக் காணவில்லை.

"மஞ்சள் எங்க?" என்றார் ஒருவர். பிறகு எல்லாரும் கேட்டார்கள். கருப்பையா அண்ணன் மிச்சம் ஒரு மூடி இருந்த போத்தலை எடுத்துச் சின்னத்துரை அண்ணையிடம் நீட்டினார்.

நான் டெக்கை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் கடைசி என்பதை, கமலாக்கா கண்டுபிடித்ததை, நான் திருகைப் பூட்டியதை. தோள்பையில் இருந்து என் பெற்றோல் போத்தலை எடுத்து எல்லாருக்கும் முன்னால் வைத்தேன். துணியை அவிழ்க்கும்போது முடிச்சு இறுகிவிட்டது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமா?

அடி விழும் என்று நினைத்தேன். முதலில் வாய் திறந்தது சின்னத்துரை அண்ணை. "சவாரியில சோடியின்ர பேரை மாத்திச் சொன்னால் அந்த ஓட்டம் செல்லாது" என்றார். "திருப்பி ஓட வேணும். சொன்னவனை மேடையால இறக்க வேணும்." கருப்பையா அண்ணன் நீட்டிய போத்தலை அவருடைய பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார். "அடுத்த கிழமை முதலில இருந்து போடு. எண்ணெய் கேக்கப்படாது. நீ வாய் திறக்கவும்படாது. கமலா சுத்துக் கணக்குச் சொல்லட்டும்." இதுவரைக்கும் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சரியானது இல்லை.

கருப்பையா அண்ணன் என் போத்தலை எடுத்துத் திறந்து மணந்து பார்த்தார். "மண்ணெண்ணெ கலக்கலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகுதான் பைக்குள் வைத்தார்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அவரிடம் கேட்டேன், பூட்டியிருந்ததைக் கண்டும் ஏன் சொல்லவில்லை என்று.

"களவு செய்றவன் எண்ணெய எடுத்திருப்பான். எண்ணெ அப்படியே கெடந்திச்சி. சரி, பய எதுக்கோ பயந்துட்டான்னு தெரிஞ்சிச்சி" என்றார். "பயந்தவன நாலு பேருக்கு முன்னால காட்டிக் குடுத்தா அப்பறம் அவனா உண்மை சொல்ல மாட்டான்." ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று பார்க்கிற மாதிரியே அவர் என்னையும் பார்த்திருக்கிறார். எனக்குக் குருநாதர் என்று யாரும் இல்லை, ஆனால் அந்த ஒரு பின்னேரத்துக்கு அவர் இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பூமணிக்கு வலி வந்தது. மோட்டார் சைக்கிள் ஒரே இழுவையில் எழும்பியதாம். பெண் குழந்தை.

அடுத்த கிழமை மறுகாட்சி. நான் வாயை மூடிக்கொண்டு டெக்குக்குப் பக்கத்தில் நின்றேன். கமலாக்கா கேத்திலை வைத்துவிட்டு, "சிவப்பு இருபத்தொண்டு, மஞ்சள் இருபது" என்று கணக்குச் சொன்னார். முதல் தரம் பார்த்ததைவிட ஆட்கள் ரசித்துப் பார்த்தார்கள். பெற்றோல் அடிக்கிற இடத்தை வழக்கம் போல மூன்று தரம் போட்டேன். சிவப்பு வென்றது. நான் நிறுத்தப் போனேன்.

"வுடுங்க தம்பி, ஓடட்டும்" என்றார் கருப்பையா அண்ணன்.

ஓடவிட்டேன். தொலைக்காட்சி வென்றவனைப் பின்தொடர்ந்து போனது. அவன் கையசைத்தான், சனம் கொடி ஆட்டியது. அதற்குப் பிறகு ஒரு தரம் கோட்டைத் தூரத்தில் இருந்து காட்டினார்கள். வேறு எதையோ காட்டப் போகிற வழியில் பட்டது. திரையின் இடது மூலையில், கட்டை விரல் நகம் அளவில், ஒரு மஞ்சள் புள்ளி வந்து கோட்டைத் தாண்டியது. கொடிக்காரர் அதே கொடியை அதே மாதிரி அதற்கும் ஆட்டினார். பிறகு படம் மாறிவிட்டது.

"நிப்பாட்டுங்க. திருப்பிப் போடுங்க." போட்டேன். அவர் எழும்பி வந்து திரைக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார். "முடிச்சிட்டானே" என்றார். "அத்தன தடவ வழி விட்டுட்டு, முடிச்சிட்டான். ஒரு செக்கனுக்கு மேல காட்ட மனசு வரல பாருங்க."

சின்னத்துரை அண்ணையும் குனிந்து பார்த்தார். "ஓம், முடிச்சிட்டான்" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

அதற்குப் பிறகு நான் கமரா தூக்கினேன், கலியாண வீடு, கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி எல்லாம் எடுத்தேன், இடம்பெயர்ந்த இடங்களிலும் எடுத்தேன். பிழை விடாத நாள் குறைவு. ஆனால் பிழையை மறைக்க மறுபடியும் விளக்கை அணைக்கவில்லை. விட்டதை விட்ட வாயாலேயே திருத்திச் சொன்னேன். சனம் ஏசும், பிறகு லாம்போடு வரும். சத்தத்தைக் குறைத்துவிட்டு நாமே கதை சொல்லத் தொடங்கும்போதுதான் சனியன் பிடிக்கிறது. இவ்வளவும் நீங்கள் வேலையில் தானாகப் படிப்பீர்கள்.

இனி அந்தக் கரைச்சல் பிடித்த ஆளுக்கு வருவோம். பெயர் பொம்பிளைப் பிள்ளை, எழுத்து கிழவன் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பெயர் பூமணியின் மகளுடையது. மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவள், இப்போது தருமபுரத்தில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிறவர் கருப்பையா அண்ணன்.

அவரைத் தடை செய்யாதீர்கள். அடுத்த சவாரிக்கு நாலு கமராவில் ஒன்றைக் கோட்டிலேயே விட்டுவிடுங்கள், கடைசி வண்டி தாண்டும் வரைக்கும். அந்த மனிதர் சும்மா வந்து பார்க்கிறவர் இல்லை. மூன்று மூடி பெற்றோல் கொடுத்து உள்ளே வந்தவர்.